பெயர் வைத்த பிறகு

புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.
எந்த நாட்டின் முறையோ,
பால் பூத்திலும் ஷேர் ஆட்டோவிலும்
ஆளுக்கொரு விதமாய் உச்சரிக்கிறார்கள்.
எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில்
ராத்திரியெல்லாம் இருமுகிறவரின் பெயர்
ஒருவருக்கும் தெரியாது.

வேளச்சேரி ஏரிக்கு முதுகு காட்டி நிற்கும் தெரு.
தரைத்தளத்தில் நானும் தையல் மிஷினும்.
போன வெள்ளம் நின்ற உயரத்தில்
சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு.
வெள்ளையடிக்க வந்தவரிடம்
அதை மட்டும் விட்டுடுங்க என்றேன்.
என் விலாவுக்கு நேராக இருக்கிறது அது.

திங்கட்கிழமை சாயங்காலம்
ரவிக்கை அளவு எழுதும் நோட்டைத் திருப்பிப் போட்டு
கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.
மார்பு முப்பத்தாறு, கை பத்து
என்றே எழுதிப் பழகிய விரல் எழுதியது:
பிலோமினா. இன்சுலின், ஃபிரிட்ஜில்.
கரண்ட் போனால் ஃபிளாஸ்க், ஐஸ், எதிர்வீட்டில் இருக்கிறது.
சர்புதீன் வீட்டில் ஒன்பதாம் மாதம்.
'இன்னிக்கே அம்மா வூட்டுக்கு அனுப்பு பாய்,
அது மேடு, நான் கொண்டாந்து வுடறேன்'
என்றார் ஆட்டோ எத்திராஜ்,
மீட்டர் பேச்சே எடுக்காமல்.

மொட்டை மாடி அறையில் ஒடிசாப் பையன்கள் நாலு பேர்.
அவர்களுக்குச் சொல்லத்தான் ஏறினேன்.
கைலாஷ் பெஹெரா என்னைப் பார்த்துச் சிரித்தான்.
'எங்க ஊர்ல புயல் வருஷா வருஷம் அக்கா.
முதல்ல கயிறு.'
பிறகு தண்ணீர்த் தொட்டி மூடியை
நான் பார்த்திராத ஒரு முடிச்சால் கட்டினான்.

மூன்றாவது மாடி.
சங்கிலியை எடுக்காமலே கேட்டார்:
'சந்தாவா?'
'இல்ல சார், புயல்.'
கொஞ்சம் யோசித்துக் கதவைத் திறந்தார்.
நாகபூஷணம். மூச்சு மிஷின்.
பாட்டரி நாலு மணி நேரம் தாங்கும்.
நாலு மணி நேரம் என்பதன் கீழ்
இரண்டு தடவை கோடு போட்டேன்.

மாநகராட்சி எண் பிஸியாகவே இருந்தது.
கடப்பாரையோடு இறங்கினார்கள் பையன்கள்.
வடிகால் வாயிலிருந்து வந்தவை:
சாம்பார் கவர்கள், ஒரு கிரிக்கெட் பந்து,
நான் வெட்டிப்போட்ட துணித்துண்டுகள்.
நிறம் பார்த்தே யார் ரவிக்கை என்று சொல்லிவிடுவேன்.
சொல்லவில்லை.

தெருமுனைக் கல்யாண ஃபிளெக்ஸைக்
காற்று பிய்க்குமுன் நாங்களே இறக்கினோம்.
மாப்பிள்ளை முகம் இப்போது
என் மிஷினுக்குப் போர்வை.

கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும்
மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு
நடந்து திரும்பினார்கள்.
கார்களுக்கு மேடு கிடைத்துவிட்டது.
எங்களுக்கு எது என்று பேச்சு வந்தபோது
'என் ஹால் காலிதான்' என்றார் நாகபூஷணம்.
'செருப்பை வெளியே விடணும்.'

செவ்வாய் ராத்திரி
அந்த ஹாலில் பதினோரு பேர்.
ரேஷன் கார்டுகள் புடவைக்கடைக் கவரில்.
எத்திராஜின் ஆட்டோ பாட்டரி
மூச்சு மிஷின் பக்கத்தில் தயாராக.
ஜன்னல் கண்ணாடியில் டேப், பெருக்கல் குறிபோல.
பேய்க்காற்று. ஒரு தூங்குமூஞ்சி மரம் விழும் ஓசை.
பிலோமினா ஜெபம் சொல்லிக்கொண்டே
பிரெட்டுக்கு ஜாம் தடவினார்.

விடியுமுன் அது வடக்கே திரும்பிவிட்டது.
தப்பித்தது சென்னை என்றது டிவி.
மிஞ்சியது பதினாறு பாக்கெட் பிரெட்,
தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர்,
'சும்மா அலட்டிக்கிட்டீங்க' என்ற எதிர்க்கடைக்காரர்.
அவருக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தேன்.

நாகபூஷணம் மட்டும் உட்காரவில்லை.
காவலியில் அவர் தங்கை. தனியாள்.
ஐந்தாறு தடவை அடித்த பிறகு கிடைத்தாள்.
எனக்குத் தெலுங்கு வராது.
கரண்ட் என்றார், தண்ணீர்க்கு ஏதோ சொன்னார்,
பிறகு கொஞ்சம் அதட்டலாக,
மேல்மாடியைக் காட்டுவதுபோல
இங்கே கையை உயர்த்திக்கொண்டு:
'பேரேமிடி?
வாள்ள பேரேமிடி?'

என் நோட்டுக்காக
மறுகையை நீட்டினார்.